என்.எஃப்.டி.யை (ஒரு படத்துக்கோ பொருளுக்கோ உரிய ஒற்றை டிஜிட்டல் டோக்கனை) எரிப்பது எப்படி? எரித்த பிறகு என்ன மிஞ்சும்?

பாம்பன் கரையில் எங்கள் சித்தப்பாவின் பழைய வள்ளம் ஒன்று நிற்கிறது. அணியத்தில் நீலப் பெயின்ட் உரிந்து, அடியில் பழைய பச்சை தெரியும். அதை வரைந்து, ‘ஒரே பிரதி’ என்று சொல்லி, எத்தீரியம் என்ற பிளாக்செயினில் (பல கணினிகள் சேர்ந்து காக்கும் பொதுப் பதிவேட்டில்) மின்ட் செய்தேன், அதாவது டோக்கனாகப் பதிந்தேன். நெட் இழுத்ததில் பட்டனை இரண்டு முறை தட்டிவிட்டேன். இரண்டு டோக்கன்! ஒன்றை ஒருவர் வாங்கிவிட்டார். கொடுத்த வாக்கு நிற்க வேண்டுமானால், என்னிடம் உள்ள இரண்டாவதை எரித்தே ஆக வேண்டும், அதாவது இனி யாரும் வைத்துக்கொள்ள முடியாதபடி நிரந்தரமாக ஒழிக்க வேண்டும்.

முதலில், எது அழியும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிளாக்செயினில் இருப்பது பெரும்பாலும் டோக்கன் எண்ணும், படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பும்தான். படம் ஐ.பி.எஃப்.எஸ். என்ற பகிர்வுச் சேமிப்பிலோ யாருடைய சர்வரிலோ இருக்கும். எரித்தாலும் அது அங்கேயே கிடக்கும், யாரும் டவுன்லோடு செய்யலாம். போவது அந்த டோக்கனை வைத்துக்கொள்ளும், விற்கும் உரிமை. படத்தையே மறைக்க நினைப்பவர்களுக்கு இது உதவாது.

அடுத்து, எத்தீரியப் பதிவுகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தில் உங்கள் கான்ட்ராக்ட்டை (டோக்கனை இயக்கும் நிரலை) திறந்து ‘ரைட் கான்ட்ராக்ட்’ பகுதியில் ‘பர்ன்’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாலட்டை (உங்கள் டோக்கனுக்கான சாவி இருக்கும் செயலியை) இணைத்து, டோக்கன் எண்ணைக் கொடுத்து ஒப்புதல் தந்தால் போதும். இல்லையென்றால், சாவி யாரிடமும் இல்லாத முகவரிக்கு அனுப்ப வேண்டும். நிறையப் பேர் பயன்படுத்துவது, பூஜ்யங்களாக ஓடி ‘டெட்’ என்று முடியும் முகவரி. முழுக்கப் பூஜ்யமான முகவரிக்கு நேரடியாக அனுப்பப் பல கான்ட்ராக்ட்டுகள் விடாது. முகவரியைக் கையால் அடிக்காதீர்கள். காப்பி செய்து, எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். திரும்பப் பெற வழியே கிடையாது. கேஸ் எனப்படும் பரிவர்த்தனைக் கட்டணத்துக்கு, எத்தீரியத்தின் நாணயமான ஈதரும் கொஞ்சம் வேண்டும். முதல் தடவை என்றால் செபோலியா டெஸ்ட்நெட்டில் (சோதனைக்கான வலையமைப்பில்) பழகிவிட்டு வாருங்கள், அங்கே காசு போகாது.

சரி, எரிப்பதற்கு இவ்வளவு மதிப்பு ஏன்? பிரிட்டிஷ் ஓவியர் டேமியன் ஹர்ஸ்ட் 10,000 காகித ஓவியங்களை என்.எஃப்.டி.களாகவும் வெளியிட்டு, காகிதமா என்.எஃப்.டி.யா, ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றார். 2022-இல் 5,149 ஓவியங்களுக்கு, வைத்திருந்தவர்கள் காகிதத்தைக் கேட்டார்கள். அவர்களின் டோக்கன்கள் எரிக்கப்பட்டன. மீதி 4,851 ஓவியங்களின் காகிதங்கள் நெருப்புக்குப் போயின. இரண்டில் ஒன்று உண்மையாகவே போனால்தான் மற்றது ஒற்றைப் பிரதி ஆகும்.

எங்கள் கரையில் வள்ளத்தை உடைத்தால் நாலு பேர் பார்க்க உடைப்பார்கள். இங்கே அந்த நாலு பேர், பதிவேடுதான். எரித்து முடித்ததும், அந்த டோக்கனின் ஈதர்ஸ்கேன் பக்க இணைப்பை, முதல் டோக்கனை வாங்கியவருக்கு அனுப்பினேன். மின்ட் செய்த நேரம், எரித்த நேரம், போன முகவரி எல்லாம் அதில் இருந்தது. என் தவறும் சேர்த்துத்தான்.