தலை உயரத்துக்கு உதைக்க: டேக்வாண்டோ கற்கத் தொடங்குபவர்களுக்கான நீட்சிப் பயிற்சி

2024 பாரிஸ் ஒலிம்பிக் விதிகளின்படி, கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவில் மார்புக் கவசத்தின் மீது விழும் உதைக்கு 2 புள்ளிகள், தலையில் விழும் உதைக்கு 3. உடலைச் சுழற்றி உதைத்தால் மார்புக்கு 4, தலைக்கு 5. குத்துக்குக் கிடைப்பது 1 மட்டும். கால் எவ்வளவு உயரம் போகிறது என்பது ஆட்டத்தின் முடிவையே மாற்றிவிடுகிறது. அதனால்தான் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே, கால்களை முழுவதும் அகட்டித் தரையில் அமரும் ‘ஸ்பிளிட்’ போட ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தவறில்லை. அவசரத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

குழந்தை கால்களை அகட்டி உட்கார்ந்திருக்க, பின்னாலிருந்து இன்னொருவர் முதுகை அழுத்துவதைச் சில பயிற்சிக் கூடங்களில் இன்றும் காண முடிகிறது. இதை நிறுத்தியே ஆக வேண்டும். தசை திடீரென்று இழுபடும்போது அதற்குள் இருக்கும் நுண்ணிய உணர்விழைகள் முதுகுத்தண்டுக்குத் தகவல் அனுப்புகின்றன; தசை தன்னைக் காத்துக்கொள்ள உடனே இறுகுகிறது. நீங்கள் அழுத்த அழுத்த அது எதிர்த்து இழுக்கும். வளரும் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தொடையின் பின்தசை இடுப்பெலும்போடு சேரும் இடம் அவர்களுக்கு முழுமையாகக் கெட்டிப்பட்டிருக்காது. வேகமாக இழுத்தால் தசைநாண் எலும்பின் சிறு துண்டையும் பெயர்த்துக்கொண்டு வந்துவிடக்கூடும்.

சரி, முறையாகச் செய்வது எப்படி?

படி 1: உடலைச் சூடாக்குங்கள்

ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவான ஓட்டம் அல்லது ஸ்கிப்பிங். நெற்றியில் வியர்வை அரும்பினால் போதும்.

படி 2: வகுப்புக்கு முன், அசைந்தபடியே நீட்டுங்கள்

வகுப்பு தொடங்கும் முன் தரையில் உட்கார்ந்து நெடுநேரம் ஒரே நிலையில் தசையை இழுத்துப் பிடிக்காதீர்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படிப் பிடித்தால், அடுத்து வரும் உதையின் வெடித்தெழும் வேகம் சற்றே குறையும். மாறாக, சுவரில் ஒரு கையை ஊன்றி நின்று, காலை முன்னும் பின்னும் பத்துப் பன்னிரண்டு முறை ஊசலாட்டுங்கள். பிறகு பக்கவாட்டில் அதே அளவு. முதல் சில வீச்சுகள் இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும். உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அடுத்து முழங்காலை மார்பு நோக்கித் தூக்கி, வெளிப்புறமாகத் திறந்து வட்டமிட்டு இறக்குங்கள்.

படி 3: ஊன்றிய காலைக் கவனியுங்கள்

‘டோல்யோ சாகி’ எனப்படும் வட்ட உதை எழவில்லை என்று வருந்துபவர்களில் பலருக்குக் குறை தசையில் இல்லை, தரையில் இருக்கும் பாதத்தில் இருக்கிறது. உதைக்கும்போது ஊன்றிய காலின் குதிகால் இலக்கை நோக்கித் திரும்ப வேண்டும். அது திரும்பாவிட்டால் இடுப்பு திறக்காது. முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் செய்து பாருங்கள்: பாதத்தின் முன்பகுதியில் எடையை வைத்து, குதிகாலை லேசாக உயர்த்தி, சுழற்றுங்கள். ஒரு சாண் உயரம் அங்கேயே கூடிவிடும். எந்த நீட்சியும் ஒரே நாளில் இவ்வளவு தராது.

படி 4: வகுப்பு முடிந்தபின், நிலைத்து நீட்டுங்கள்

உடல் சூடாக இருக்கும் இந்த நேரம்தான் நீளமாகப் பிடிப்பதற்கு ஏற்றது. மூன்று நீட்சிகள் போதும். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றக் காலை முன்வைத்து இடுப்பை முன்னே தள்ளுவது இடுப்பின் முன்தசைக்கு. ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, முதுகைக் கூனாமல் இடுப்பிலிருந்து குனிவது தொடையின் பின்தசைக்கு. கால்களை அகட்டி அமர்ந்து முன்னே சாய்வது உள்தொடைக்கு. ஒவ்வொன்றும் 30 விநாடி, இரண்டு முறை. மூச்சை அடக்காதீர்கள். வாரத்தில் குறைந்தது இரண்டு மூன்று நாட்கள் விடாமல் செய்ய வேண்டும்.

அகட்டும்போது ஓரளவுக்கு மேல் இடுப்பில் எலும்பு முட்டுவதுபோல் தடை வந்தால், இடுப்பை முன்பக்கம் சாய்த்து, முழங்கால்களை மேல்நோக்கித் திருப்பிப் பாருங்கள். பலருக்கு அந்தத் தடை விலகும். அப்படியும் விலகாவிட்டால் அது உங்கள் மூட்டின் அமைப்பாக இருக்கலாம். எல்லோருடைய இடுப்பெலும்பும் ஒரே வார்ப்பு அல்ல. முழு ஸ்பிளிட் வராமலேயே தலை உயரத்துக்கு உதைக்க முடியும்.

படி 5: உயர்த்திய காலைப் பிடித்து நிறுத்தும் வலு

பெரும்பாலோர் விட்டுவிடும் படி இது. எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். சுவரைப் பிடித்து நின்று, காலைப் பக்கவாட்டில் கையால் எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு தூக்குங்கள். இப்போது கையை விடுங்கள். கால் எந்த அளவுக்குக் கீழே விழுகிறது? நெகிழ்வு இருந்தும் உங்களால் பயன்படுத்த முடியாத உயரம் அவ்வளவு. உதையில் யாரும் உங்கள் காலைத் தூக்கிக் கொடுக்கப் போவதில்லை. ஆகவே கையை விட்ட பிறகு கால் நிற்கும் இடத்தில் ஐந்து விநாடி பிடியுங்கள், இறக்குங்கள், மறுபடி தூக்குங்கள். ஒரு காலுக்கு ஐந்து முறை. தொடையும் இடுப்பின் வெளிப்புறமும் நடுங்கும், நடுங்கட்டும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

தசையின் நடுப்பகுதியில் உணரும் இழுப்பு சரியானது. இடுப்பு மடிப்பில் கிள்ளுவதுபோன்ற வலி, முழங்காலின் உட்புற வலி, காலில் ஓடும் மரமரப்பு ஆகிய மூன்றில் எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள். உட்காரும்போது தரையில் அழுந்தும் பிட்டத்து எலும்பருகே ‘டப்’ என்று ஏதோ அறுந்ததுபோல் இருந்தால், குறிப்பாகப் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு, எண்ணெய் தடவி நீவிவிட வேண்டாம். அன்றே மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். அவர் அனுமதிக்கும்வரை அந்தக் காலுக்கு எந்த நீட்சியும் வேண்டாம்.