குதிரைக் குளம்பு அழுகல்: இரண்டு மழைக்கால மாவட்டத்தில் நாம் செய்யும் தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குதிரை வளர்ப்போர் மிகச் சிலரே. மாடும் ஆடும் வளர்ப்பதில் தலைமுறைகளாகச் சேர்ந்த கைப்பழக்கம் குதிரை விஷயத்தில் நமக்கு இல்லாததால், மாட்டுக்குச் செய்வதையே குதிரைக்கும் செய்துவிடுகிறோம். அதோடு இங்கே மழைக்காலமும் இரண்டு. ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை பெய்து ஓய்ந்து குளம்பு சற்றே காய்ந்து தேறுவதற்குள், ஐப்பசி அடைமழை வந்துவிடுகிறது.

முதல் தவறு நோயின் பெயரிலேயே தொடங்குகிறது. குதிரை நொண்டினாலோ குளம்பு நாறினாலோ, பக்கத்து வீட்டு மாட்டுக்கு வந்த கோமாரிதான் ஒட்டிக்கொண்டது என்று சொல்லிவிடுவோர் உண்டு. கோமாரி நோய் மாடு, ஆடு, பன்றி போன்ற பிளவுபட்ட குளம்புள்ள விலங்குகளையே தாக்கும். ஒற்றைக் குளம்புள்ள குதிரைக்கு அது வருவதில்லை. கோமாரி என்று நம்பி மாட்டு மருந்தைத் தேடி அலையும் நாட்களில் உண்மையான நோய் உள்ளே ஆழமாக இறங்கிக்கொண்டிருக்கும்.

குதிரையின் காலைத் தூக்கிப் பார்த்தால், குதிப்பக்கத்திலிருந்து முன்னோக்கிக் குறுகிச் செல்லும் முக்கோண வடிவில், ரப்பர் போல் அழுத்தமான ஒரு மெத்தை தெரியும். அதன் நடுவில் ஒரு பள்ளமும் இரு ஓரங்களிலும் இரண்டு பள்ளங்களும் இருக்கும். குளம்பு அழுகல் பெரும்பாலும் இந்தப் பள்ளங்களில்தான் தொடங்குகிறது. நலமான காலில் நடுப்பள்ளம் கட்டைவிரலை வைத்து அழுத்தியது போல ஆழமில்லாமல் விரிந்திருக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சி உள்ளே போய் மறையும் அளவுக்கு அது குறுகிய வெடிப்பாக மாறியிருந்து, வெளியே எடுக்கும்போது பஞ்சில் கறுப்புக் களிம்பும் ஒருமுறை முகர்ந்தால் மறக்க முடியாத நாற்றமும் இருந்தால், நோய் வந்துவிட்டது என்று பொருள். இந்த நிலையில் பல குதிரைகள் நொண்டுவதே இல்லை. நொண்டாத காலைத் தூக்கிப் பார்ப்பானேன் என்று இருந்துவிடுவதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. குளம்பு குடையும் இரும்புக் கொக்கியைக் குதியிலிருந்து நுனி நோக்கி இழுத்து நாள்தோறும் சுத்தம் செய்ய, நான்கு கால்களுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம்கூட ஆகாது.

இந்த அழுகலை உண்டாக்கும் கிருமிகள் காற்றில்லாத இடத்தில் செழிப்பவை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றத் தவறுகள் தாமாகவே விளங்கும். குளம்பு மினுங்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெயையோ, ஒர்க்ஷாப்பிலிருந்து வாங்கி வந்த பழைய என்ஜின் ஆயிலையோ அடிப்பாகம் முழுவதும் பூசுகிறார்கள். ஈரத்தையும் கிருமியையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவது போன்ற வேலை அது. என்ஜின் ஆயிலில் கலந்திருக்கும் உலோகக் கழிவுகள் வேறு தனிக் கேடு.

தரைக்கு என்ன விரிக்கிறோம் என்பதும் முக்கியம். ஈத்தாமொழிப் பக்கத்தில் தென்னை நார்க்கழிவு எளிதாகக் கிடைப்பதால் அதையே பரப்பிவிடுகிறோம். காய்ந்திருக்கும்வரை அது நல்ல மெத்தைதான். ஆனால் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் பொருள் அது. மேலே காய்ந்தது போலத் தோன்றினாலும் ஒரு கை அள்ளிப் பிழிந்தால் மூத்திரம் சொட்டும். அதிலிருந்து எழும் அம்மோனியா குளம்பை ஊறவைத்து மென்மையாக்கிவிடும். நனைந்த பகுதியை அன்றன்றே அள்ளி அப்புறப்படுத்த இயலாதவர்கள், அறுவை மில்லில் கிடைக்கும் காய்ந்த மரச்சீவலுக்கு மாறிவிடுவது நல்லது. கடல் தண்ணீரில் நிறுத்தினால் புண் ஆறும் என்ற நம்பிக்கையும் நம்மிடையே இருக்கிறது. உப்புநீரில் ஊறுவதும் வெயிலில் காய்வதுமாக மாறிமாறி நடந்தால் குளம்புச் சுவர் வெடிக்கும், லாட ஆணிகள் தளரும், பள்ளங்களில் மணல் இறுகும். கடற்கரைக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, மணலைக் கொக்கியால் எடுத்து, துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும்.

மருந்திலும் அவசரம் கூடாது. ரப்பர்த் தோட்டத்துக்கு வாங்கிய துருசு, அதாவது மயில்துத்தம், பல வீடுகளில் இருக்கும். அதை அப்படியே பள்ளத்தில் தூவுவதும், ஃபார்மலின் ஊற்றுவதும் செத்த பகுதியோடு உயிருள்ள பகுதியையும் சுட்டுவிடும். குதிரை வலியில் உதைக்கும். அடுத்த முறை காலைத் தூக்கவே விடாது. அழுகிய பகுதியைக் கால்நடை மருத்துவரோ கைதேர்ந்த லாடக்காரரோ சீவி எடுத்த பிறகு, நன்கு உலர்த்தி, நீர்த்த போவிடோன் அயோடினில் நனைத்த பஞ்சுத் திரியைப் பள்ளத்தில் செருகி, அதை நாள்தோறும் மாற்றி வந்தால் தொடக்கநிலை அழுகல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நேற்று நன்றாக நடந்த குதிரை இன்று காலையில் ஒரு காலைத் தரையில் ஊன்றவே மறுத்தால், அது பெரும்பாலும் குளம்புக்குள் கட்டிய சீழாக இருக்கும். கணு மூட்டின் பின்புறம் இரு ஓரங்களிலும் விரலை வைத்தால் நாடி துள்ளுவது தெரியும், குளம்பும் சுடும். இந்நிலையில் மருத்துவரைக் கேட்காமல் வலி மருந்து கொடுப்பது நோயை மூடி மறைப்பதாகும். அதிலும் மெடிக்கல் ஸ்டோரில் மனிதருக்கு விற்கும் டைக்ளோஃபெனாக்கைப் போடுவது சட்டத்துக்கும் புறம்பானது. பிணந்தின்னிக் கழுகுகளின் அழிவுக்குக் காரணமானதால், கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது 2006ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. வெறும் ஆன்டிபயாடிக் ஊசியும் உதவாது, ஏனெனில் சீழ் வெளியேறினால்தான் வலி தீரும். மருத்துவர் வழி திறந்துவிட்ட பிறகு, எப்சம் உப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் காலை வைத்து, பின் குழந்தை டயப்பரைச் சுற்றி அகலமான டேப்பால் ஒட்டிவிட்டால் அழுக்கு ஏறாது. அந்தக் கட்டையும் நாள்தோறும் மாற்ற வேண்டும்.

அடியில் ஆணி குத்தியிருந்தால் உடனே பிடுங்கி எறியக் கை துடிக்கும். ஆணி எந்த இடத்தில், எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை எக்ஸ்ரேயில் பார்த்தால்தான் மூட்டும் தசைநாரும் தப்பினவா என்பது தெரியும். இன்னும் ஆழமாக இறங்காதபடி இரு பக்கமும் மரத்துண்டு வைத்துக் கட்டி, 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம். எக்ஸ்ரேக்காகத் திருநெல்வேலி இராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக நேர்ந்தாலும் தயங்க வேண்டியதில்லை. பிடுங்கியே தீர வேண்டிய நிலை வந்தால், துளையைச் சுற்றி அடையாளமிட்டு, ஆணியைக் கையோடு கொண்டுபோங்கள். ரண ஜன்னிக்கு (டெட்டனஸ்) மிக எளிதில் இரையாகும் விலங்கு குதிரை என்பதால், அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டு வைக்காமல் இருப்பதும் தவறுதான்.

லாடக்காரர் அரிதாகவே கிடைக்கிறார் என்பதற்காக நாலைந்து மாதம் குளம்பு சீவாமல் விடுவதும் வழக்கமாகிவிட்டது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவாவிட்டால் குளம்பு நீண்டு, நுனியில் சுவர் அடியிலிருந்து பிரிந்து, அந்த இடுக்கில் சேறு புகும்.

என் பெட்டைக் குதிரைக்கு ஓர் ஐப்பசியில் இப்படித்தான் சீழ் கட்டியது. வலி மருந்து கொடுத்து நான்கு நாள் ஓட்டியது நான்தான். வழி கிடைக்காத சீழ் மேலேறி, குளம்பும் மயிரும் சேரும் விளிம்பில் முன்பக்கம் உடைத்துக்கொண்டது. அங்கே விழுந்த குறுக்கு வெடிப்பு, மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாத வேகத்தில் குளம்போடு கீழே இறங்கி, அடுத்த புரட்டாசியில் நுனிக்கு வந்து, லாடக்காரரின் அரத்தில் தூளாக உதிர்ந்தது.