பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் லேன் கார்டு டிரைவர் போடுவது

"நெட் பர்தா இல்ல சார்" (நெட் வரவில்லை) என்று கடைப்பையன் கன்னடத்தில் சொல்லி முடிப்பதற்குள் போன் கைமாறிவிட்டது. "தம்பி, நேத்து ஒருத்தர் வந்து ஃபார்மட் பண்ணிட்டுப் போனாரு. அதுல இருந்து பில் சர்வருக்கே போக மாட்டேங்குது. உடனே வாங்க." பேசியவர் கணக்குப்பிள்ளை. சிக்பேட்டையில் ஒரு பட்டுச்சேலை மொத்த வியாபாரக் கடையின் மாடியில் முப்பது வருடமாகக் கணக்கு எழுதுபவர். சேலத்துக்காரர். அல்சூரிலிருந்து நான் அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. அதில் பாதி வண்டியை நிறுத்த இடம் தேடியது.

நான் இருபது வருடத்துக்கு மேலாக பெங்களூரில் இந்த மாதிரி ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புது மெஷினில் விண்டோஸ் 10 அல்லது 11 போட்டால் லேன் கார்டு, அதாவது நெட் கேபிள் வந்து சேரும் பாகம், பெரும்பாலும் தானே வேலை செய்யும். வம்பெல்லாம் பழையதில்தான். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஆனால் கணக்கு சாஃப்ட்வேர் ஓடும்வரை எந்த முதலாளியும் மெஷினை மாற்ற மாட்டார்.

ஃபார்மட் செய்தவர் விட்டுப்போன சிக்கல் இதுதான்: லேன் டிரைவர் (கார்டை விண்டோஸுக்குப் புரியவைக்கும் சாஃப்ட்வேர்) இல்லாததால் நெட் இல்லை, நெட் இல்லாததால் டிரைவரை இறக்க முடியாது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை.

முதலில் கோளாறு டிரைவரில்தானா என்று பாருங்கள். கேபினெட்டின் பின்பக்கம் கேபிள் போய்ச் சேரும் துளையில் சின்ன விளக்கு எரிகிறதா? எரிந்தால் ஒயரும் ஸ்விட்சும் (எல்லா மெஷின்களின் கேபிளும் போய்ச் சேரும் பெட்டி) பெரும்பாலும் சரி. எரியாவிட்டால் வேலை செய்கிற பக்கத்து மெஷினின் கேபிளைப் பிடுங்கி இதில் போட்டுப் பாருங்கள். இதைச் செய்யாமல் இரண்டு மணி நேரம் டிரைவர் தேடி, கடைசியில் மேசைக்கு அடியில் எலி கடித்த கேபிளைக் கண்டுபிடித்த நாள் எனக்கும் உண்டு.

அப்புறம் 'கம்ப்யூட்டர்' ஐகானை (விண்டோஸ் 10-இல் 'திஸ் பிசி') ரைட் கிளிக் செய்து மேனேஜ், அதில் டிவைஸ் மேனேஜர். 'அதர் டிவைசஸ்' என்பதன் கீழே மஞ்சள் குறியோடு 'ஈதர்நெட் கன்ட்ரோலர்' என்று இருந்தால் டிரைவர் போடவில்லை என்று பொருள். 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று இருந்தால் அது பெரும்பாலும் வைஃபை கார்டு, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஈதர்நெட் கன்ட்ரோலரைத் திறந்து பார்த்தால் 'கோட்' என்று ஒரு பிழை எண் வரும். 28 என்றால் டிரைவர் இல்லை. 10 என்றால் டிரைவர் இருக்கிறது, கார்டு கிளம்ப மறுக்கிறது. 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. இந்த 52 பற்றிப் பிறகு சொல்கிறேன். மஞ்சள் குறியும் இல்லை, கார்டின் பெயரும் எங்கேயும் இல்லை என்றால் பயாஸில் (மெஷின் கிளம்பும்போது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்) ஆன்போர்டு லேன் 'டிசேபிள்' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர் 2032 பேட்டரி செத்துப்போனால் பயாஸ் செட்டிங்கெல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும். தேதியும் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் நெட் வந்தும் பெரும்பாலான வெப்சைட்டுகள் திறக்காது, செக்யூரிட்டி எச்சரிக்கைதான் வரும். பேட்டரி மாற்றவேண்டிய கேஸை டிரைவர் கேஸ் என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

இனி முக்கியமான இடம். கேபினெட் மேல் ஒட்டியிருக்கும் பெயரை நம்பி டிரைவர் தேடாதீர்கள். அசெம்பிள்டு சிஸ்டமில் மேலே ஒரு கம்பெனி, உள்ளே மதர்போர்டு வேறு கம்பெனி, அதில் உட்கார்ந்திருக்கும் லேன் சிப் இன்னொரு கம்பெனி. நமக்கு வேண்டியது சிப்பின் நம்பர். அந்த மஞ்சள் குறியை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், அங்கே இருக்கும் பட்டியலில் 'ஹார்ட்வேர் ஐடிஸ்'. நீளமாக ஒரு வரி வரும். பார்த்து மிரள வேண்டாம். 'வென்' என்பதற்குப் பின்னால் வரும் நான்கு எழுத்து சிப் கம்பெனி, 'டெவ்' என்பதற்குப் பின்னால் வரும் நான்கு எழுத்து சிப். 8086 என்றால் இன்டெல், தன் பழைய பிராசசரின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டது. 10இசி என்றால் ரியல்டெக். 14இ4 பிராட்காம், 1969 அத்தெரோஸ், 1106 வியா. பழைய ஆபீஸ் மெஷின்களில் நான் அதிகம் பார்ப்பது ரியல்டெக்தான். அதில் 8139 என்றால் 100 எம்பி வேகத்தில், பிசிஐ என்ற பழைய ரக ஸ்லாட்டில் செருகும் கார்டு, 8136 என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸில் வந்த 100 எம்பி சிப், 8168 என்றால் கிகாபிட். சிக்பேட்டை மெஷினில் இருந்தது 10இசி, 8168.

இந்த 8168-இல் ஒரு சூது இருக்கிறது. ஒரே நம்பரில் பல தலைமுறை சிப்கள் வந்திருக்கின்றன. அதே வரியின் கடைசியில் 'ரெவ்' என்று இரண்டு எழுத்து வருகிறதே, அதில்தான் தலைமுறை தெரியும். விண்டோஸ் 7 டிவிடியிலேயே வரும் டிரைவருக்குப் பழைய தலைமுறை தெரியும், பின்னால் வந்தது தெரியாது. அதனால் பக்கத்து மெஷினில் தானாக வேலை செய்ததே, இதில் ஏன் இல்லை என்று குழம்ப வேண்டாம். ரியல்டெக் தளத்தில் விண்டோஸ் 7-க்கு என்று தனியாக இருப்பதை எடுங்கள். மெஷின் 32 பிட்டா 64 பிட்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபார்மட் செய்தவர் முன்பு இருந்ததை மாற்றிப் போட்டிருக்கலாம், கடைக்காரரின் நினைவை நம்ப முடியாது.

டிரைவரை இறக்க நெட்டுக்கு எங்கே போவது? பாக்கெட்டில் இருக்கும் போன் போதும். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். விண்டோஸ் 7-உம் அதற்குப் பிறகு வந்தவையும் பெரும்பாலும் போனை ஒரு நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும். பிராண்டட் மெஷின் என்றால் அந்தக் கம்பெனியின் தளத்தில் மெஷின் மேல் இருக்கும் சீரியல் எண்ணைப் போட்டாலே அதற்கான டிரைவர் வந்துவிடும். டெல்லில் அதற்கு சர்வீஸ் டேக் என்று பெயர். அது கிடைக்காதபோதுதான் சிப் கம்பெனியின் தளம். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் போட்டுத் தருவதாகச் சொல்லும் சாஃப்ட்வேர்களைத் தொடவே தொடாதீர்கள். லேன் டிரைவரோடு நாலு டூல்பாரும் சேர்ந்து குடியேறும், அவற்றைக் காலி செய்ய இன்னொரு நாள் போகும்.

என் பென் டிரைவில் ஃபோல்டர்களுக்கு மதர்போர்டு பெயர் வைப்பதில்லை, 10இசி-8168, 8086-1502 என்று நம்பர்தான் வைத்திருக்கிறேன். பழைய டிரைவர்களைத் தளத்திலிருந்து எடுத்துவிடும் கம்பெனிகளும் உண்டு. அதனால் ஒரு முறை இறக்கியதை அழிப்பதே இல்லை.

இறக்கியதில் செட்டப் ஃபைல் இருந்தால் ஓட்டுங்கள். அது ஏதாவது காரணம் சொல்லி நின்றுவிட்டால் ஜிப் ஃபைலைப் பிரித்து, டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, 'ப்ரவுஸ் மை கம்ப்யூட்டர்' வழியாகப் பிரித்த ஃபோல்டரைக் காட்டுங்கள். உள்ளே ஐஎன்எஃப் என்று முடியும் ஃபைல் இருந்தால் விண்டோஸ் தானே பொறுக்கிக்கொள்ளும். அதற்கும் மசியவில்லை என்றால் 'ஹாவ் டிஸ்க்' இருக்கிறது. ஆனால் அங்கே எந்த டிரைவரையும் வலுக்கட்டாயமாகத் திணிக்க முடியும் என்பதால் நம்பரைச் சரிபார்க்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு 52 வந்தது. காரணம் இது: பின்னாளில் வந்த டிரைவர்களுக்கு ஷா-2 என்ற முறையில் கையெழுத்துப் போடுகிறார்கள். பழைய டிவிடியிலிருந்து போட்ட விண்டோஸ் 7-க்கு அதைப் படிக்கத் தெரியாது. சர்வீஸ் பேக் 1 இருக்கவேண்டும், அதன்மேல் கேபி 4490628, பிறகு கேபி 4474419 என்ற இரண்டு அப்டேட்களைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யவேண்டும். இவை இரண்டும் என் பென் டிரைவில் எப்போதும் இருக்கும். போட்டேன், மஞ்சள் குறி போனது. பின்பக்க விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தது.

"வந்துருச்சா தம்பி?" என்றார் கணக்குப்பிள்ளை. "பாதி வந்துருச்சு சார்."

டிரைவர் போட்டதும் பையை மூடிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்குத்தான் மறுநாள் காலை போன் வரும். கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் கொடுத்துப் பாருங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால் ரவுட்டரிடமிருந்து எதுவும் வரவில்லை, மெஷின் தனக்குத் தானே ஒரு நம்பர் வைத்துக்கொண்டது என்று பொருள். பில் போடும் ஆபீஸ்களில் சர்வருக்கும் பிரிண்டருக்கும் நிலையான ஐபி, அதாவது மாறாத முகவரி எண், கொடுப்பது நல்லது. ஆனால் அது ரவுட்டர் தானாகப் பங்கிடும் எண்களுக்குள் இருக்கக்கூடாது. இருந்தால் என்றாவது ஒருநாள் முதலாளியின் போனுக்கும் பிரிண்டருக்கும் ஒரே நம்பர் போய்ச் சேரும். ஃபார்மட்டுக்கு முன்பு என்ன ஐபி இருந்தது என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. மற்ற மூன்று மெஷின்களையும் பார்த்து 192.168.1.14 காலி என்று கண்டுபிடித்தேன். அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டினேன்.

பிறகு கார்டின் ப்ராப்பர்ட்டீஸில் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதி. மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கார்டை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்தால் நெட் போயிருக்கிறது என்று சொல்லும் ஆபீஸ்களில் பாதிக்கு இது ஒன்றே மருந்து. 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'கிரீன் ஈதர்நெட்', 'எனர்ஜி எஃபிஷியன்ட்' என்று இருப்பவற்றையும் பழைய ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் நான் அணைத்துவிடுவேன்.

அதே இடத்தில் 'ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ்' இருக்கும். இதில் கைவைக்காதீர்கள், ஆட்டோவிலேயே விடுங்கள். பீன்யாவில் ஒரு பட்டறை ஆபீஸில் யாரோ வேகம் கூடும் என்று நினைத்து '100 ஃபுல் டூப்ளெக்ஸ்' (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசும் முறை) என்று மாற்றிவைத்திருந்தார். பிங் (சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தால் பதில் ஒழுங்காக வருகிறது, ஆனால் ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்தால் நத்தை. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கார்டும் ஸ்விட்சும் ஒன்றோடொன்று பேசித்தான் வேகத்தையும் முறையையும் முடிவு செய்யும். ஒரு பக்கம் பேச மறுத்துவிட்டால் மறுபக்கத்தால் வேகத்தை மட்டும்தான் உணர முடியும். முறை தெரியாததால் ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசும் முறை) என்று வைத்துக்கொள்ளும். ஒருவர் எந்நேரமும் பேசிக்கொண்டே இருக்க, எதிரில் இருப்பவர் அவர் நிறுத்தட்டும் என்று காத்திருக்கும் நிலைமை. சின்னப் பாக்கெட் தப்பிவிடும், பெரிய ஃபைல் மாட்டிக்கொள்ளும். ஆட்டோவுக்குத் திருப்பியதும் சரியாகிவிட்டது.

கிகாபிட் கார்டு 100 எம்பி மட்டுமே காட்டினாலும் டிரைவரைத் திட்டாதீர்கள். 100 எம்பிக்கு நான்கு ஒயர் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். பழைய ஆபீஸ்களில் ஒரே கேபிளை நாலு நாலாகப் பிரித்து இரண்டு மெஷினுக்குக் கொடுத்த கைவண்ணம் நிறைய இருக்கிறது.

இத்தனைக்கும் மசியாவிட்டால் ஒரு லினக்ஸ் பென் டிரைவில் மெஷினை பூட் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்கில் எதையும் போட வேண்டாம், 'லைவ்' முறையிலேயே திறந்து நெட் வருகிறதா என்று பார்த்தால் போதும். பழைய கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே வந்தால் கார்டு நல்லது, விண்டோஸ் டிரைவரோடு மறுபடி மோதலாம். அங்கேயும் வராவிட்டால் கார்டு போய்விட்டது என்று நான் முடிவு கட்டிவிடுவேன். ஏப்ரல், மே மாதங்களில் இடி மின்னலோடு மழை பெய்த மறுநாள் எனக்கு இப்படி இரண்டு மூன்று வந்துவிடும். மின்னல் கேபிள் வழியாக வந்து லேன் போர்ட்டை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கும், மற்றதெல்லாம் ஓடும். கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் ஒரு தனி கார்டு வாங்கிப் போடுங்கள். போகுமுன் மதர்போர்டில் இருப்பது நீளமான பழைய பிசிஐ ஸ்லாட்டா, குட்டையான பிசிஐ எக்ஸ்பிரஸா என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லி கேபினெட் என்றால் குட்டைத் தகடு கேட்டு வாங்குங்கள். புதுக் கார்டில் பழைய ஐபியைப் போடும்போது, மெஷினில் இல்லாத கார்டுக்கு இந்த நம்பர் ஏற்கெனவே இருக்கிறது, நீக்கவா என்று விண்டோஸ் கேட்கும். 'எஸ்' கொடுங்கள். மேக் முகவரியும் (ஒவ்வொரு கார்டுக்கும் உரிய தனி எண்) மாறிவிடும் என்பதால், அதை வைத்துக் கனெக்‌ஷன் கொடுத்திருக்கும் கேபிள்காரருக்கும் ஒரு போன் போடவேண்டும்.

அடுத்த முறை ஃபார்மட் செய்யுமுன், விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம் 32-க்குள் 'டிரைவர் ஸ்டோர்' என்று ஒன்று இருக்கும், அதில் 'ஃபைல் ரெபாசிட்டரி'யை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்துவிடுங்கள். பிறகு அதையே 'ப்ரவுஸ்' செய்து காட்டினால் பழைய டிரைவர் திரும்பி வந்துவிடும்.

சிக்பேட்டை மெஷினில் கடைசியாக ஒரு காரியம் செய்தேன். விண்டோஸ் 7-ஐ நேராக இன்டர்நெட்டில் விடுவது இன்றைக்கு நல்லதில்லை. ஐபியும் சப்நெட்டும் போட்டு, 'டீஃபால்ட் கேட்வே' (வெளி நெட்டுக்குப் போகும் வாசல்) கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். சர்வரும் பிரிண்டரும் கிடைக்கும், வெளியே போகாது. ரீஸ்டார்ட் செய்து ஒரு பில் அடித்துப் பார்த்தோம். வந்தது. கணக்குப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "அப்போ மத்தியானம் பாட்டு கேக்க முடியாதா தம்பி?"

"போன்ல கேளுங்க சார்."