ஒரு மணி நேரத்தின் விலை: வடிவமைப்புத் தொழிலுக்கு முன் போடவேண்டிய கணக்கு

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலோ செந்தூலிலோ வீட்டு அறை ஒன்றில் கணினியை வைத்து வடிவமைப்புத் தொழிலைத் தொடங்க நினைப்பவர், "லோகோவுக்கு மற்றவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள்?" என்றுதான் முதலில் விசாரிக்கிறார். தமது ஒரு மணி நேரத்தின் விலை என்ன என்பதையே அவர் முதலில் கண்டறிய வேண்டும். அதற்குக் கூட்டல், பெருக்கல், வகுத்தல் போதும்.

மாதச் செலவிலிருந்து தொடங்குங்கள். இங்குள்ள தொகைகள் எடுத்துக்காட்டுக்காகவே. உங்கள் தொகைகளை இட்டுக்கொள்ளுங்கள். இணையம், தொலைபேசிக்கு 180 ரிங்கிட், மென்பொருள் சந்தா 250, மின்சாரம் 120, போக்குவரத்து 200. 6,000 ரிங்கிட் கணினி நான்காண்டு உழைக்கும் என்றால், 48 மாதங்களுக்கு வகுத்து மாதம் 125 சேர்க்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் மறந்துவிட்டு, கணினி பழுதாகும் நாளில் கடன் வாங்குகிறார்கள். வணிகப் பெயரில் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிவுக்கு ஆண்டுக் கட்டணம் 60 ரிங்கிட், அதாவது மாதம் 5. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். மொத்தம் 880. குடும்பச் செலவு 2,800 என்றால், மாதத் தேவை 3,680 ரிங்கிட்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மாதம் 22 நாள், நாளுக்கு எட்டு மணி, ஆக 176 மணி என்று வகுத்து, மணிக்கு 21 ரிங்கிட் போதும் என்று நிறைவடைகிறார்கள். ஆனால் விலைப்பட்டியல் எழுதுவதற்கும், அச்சகத்துக்கு அலைவதற்கும், "அண்ணே, எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குங்கள்" என்னும் வாட்ஸ்அப் செய்திகளுக்குப் பதில் சொல்வதற்கும் யாரும் பணம் தருவதில்லை. பாதி நேரத்துக்குத்தான் வருமானம் என்று கொண்டால், மாதம் 88 மணி. தீபாவளி, தைப்பூசம், காய்ச்சல் என்று ஆண்டில் ஒரு மாதம் கழியும். ஆகவே 11 மாத உழைப்பு, அதாவது 968 மணி, 12 மாதச் செலவான 44,160 ரிங்கிட்டைத் தாங்க வேண்டும். வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 46 ரிங்கிட் வருகிறது. பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும் லோகோவின் விலை 552. அத்தகைய வேலைகள் ஆண்டுக்கு 80 கிடைத்தால்தான் கணக்கு நேராகும். அத்தனை வாடிக்கையாளர்களைத் திரட்ட முடியுமா என்பதை, இருக்கும் வேலையை விடுவதற்கு முன்பே நேர்மையாக எண்ணிப்பாருங்கள்.

அச்சு வேலையில் இன்னொரு கண்ணி உண்டு. திருமண அழைப்பிதழுக்கு அச்சகம் 900 ரிங்கிட் கேட்கிறது, விற்பனை விலையில் 25 விழுக்காடு உங்களுக்கு வேண்டும் என்றால், 900-ஐ 1.25-ஆல் பெருக்கக் கூடாது. அப்படி வரும் 1,125-இல் உங்கள் பங்கு 20 விழுக்காடே. 0.75-ஆல் வகுத்து 1,200 என்று விலை சொல்ல வேண்டும்.

மூன்று மாதத் தேவையான 11,040 ரிங்கிட்டைத் தனிக் கணக்கில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. இரசீதுகளை ஏழாண்டு காக்க வேண்டும். சொந்தத் தொழில் வருமானம் உள்ளவர்கள் நிரப்பும் வருமான வரியின் பி படிவத்துக்கு ஜூன் 30 கெடு. முன்பணத்தைப் பாதி என்று வழக்கப்படி கேட்டால், மேற்சொன்ன அழைப்பிதழில் 600 வரும், அச்சகத்துக்கோ 900 போகும். தை மாதத் திருமணங்களுக்காக இத்தகைய பத்து வேலைகள் சேர்ந்து வந்தால், உங்கள் பணம் 3,000 ரிங்கிட் பிறர் வீட்டுக் கல்யாணத்தில் முடங்கிக் கிடக்கும். எனவே அச்சு வேலைக்கு அச்சகச் செலவு முழுவதையும் முன்பணமாகப் பெற்ற பிறகே கோப்பை அச்சுக்கு அனுப்புங்கள்.