எம்ஜிபி காரின் இரட்டை எஸ்யூ கார்புரேட்டரை டியூன் செய்வது எப்படி?

1963 லெமான் 24 மணி நேரப் பந்தயம். பேடி ஹாப்கிர்க், ஆலன் ஹட்சிசன் இருவரும் ஓட்டிய எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், தொடக்கத்திலேயே முல்சான் வளைவு மணலில் புதைந்துவிட்டது. ஹட்சிசன் ஒரு மணி நேரத்துக்கும் மேல் மணலைத் தோண்டி அதை வெளியே கொண்டுவந்தார். அப்படியும் மொத்தத்தில் 12ஆம் இடம். அந்தக் காரில் இருந்தது ஒற்றை வெபர் 45 கார்புரேட்டர். அதனால்தானோ என்னவோ, ரீஸ்டோர் செய்த எம்ஜிபி ஐட்லிங்கில் கொஞ்சம் தடுமாறினாலே, காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு வெபர் மாட்டும் ஆசை வந்துவிடுகிறது. ரோட்டில் ஓட்டும் 1798 சிசி என்ஜினுக்கு அது தேவையே இல்லை. இரண்டு எஸ்யூவும் ஒன்றுபோல மூச்சு விட்டால் போதும்.

இங்கே சொல்வது 1962 முதல் வந்த எச்எஸ்4 வகைக்கு. பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணம் கார்புரேட்டரின் பக்கவாட்டில் தனியாகத் தொங்கினால் அது எச்எஸ்4. 1970-களில் வந்த எச்ஐஎஃப்4-இல் கிண்ணம் அடிப்பகுதிக்குள்ளேயே இருக்கும். அதில் கலவையைச் சரிசெய்ய ஜெட் (பெட்ரோல் வரும் சிறு குழாய்) நட்டு இல்லை, பக்கவாட்டு ஸ்க்ரூதான்.

தேவையானவை: இன்ச் அளவு ஸ்பேனர்கள் (மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு நட்டின் முனையை மழுங்கடிக்காதீர்கள்), இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், டைமிங் பார்க்கும் ஸ்ட்ரோப் லைட், கார்புரேட்டர் கிளீனர், SAE 20 ஆயில், அரை மீட்டர் ரப்பர் டியூப். காற்றோட்டத்தை அளக்கும் சின்க்ரோமீட்டர் இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் டியூபும் காதும் போதும். வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள். என்ஜின் முன்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். துண்டு, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை எதுவும் கிட்டே போகக் கூடாது.

முதலில் கார்புரேட்டரைத் தொடாதீர்கள்

கார்புரேட்டர் கோளாறு என்று வரும் கார்களில் பாதிக்கு மேல் கோளாறு வேறெங்கோதான் இருக்கும். ஆகவே கார்புரேட்டருக்கு முறை கடைசியில்.

டேப்பட் (வால்வை அமுக்கும் அமைப்பு) இடைவெளி குளிர்ந்த என்ஜினில் 0.38 மி.மீ. எட்டு வால்வுக்கும் 'ஒன்பது கணக்கு' உண்டு: 8ஆம் வால்வு முழுதாக அமுங்கியிருக்கும்போது 1ஆம் வால்வைச் சரிசெய்ய வேண்டும், 7 அமுங்கியிருந்தால் 2, இப்படியே. நம்மூர் அம்பாசிடரில் வந்த 1489 சிசி பெட்ரோல் என்ஜினும் இதே பி-சீரிஸ் குடும்பம்தான். பழைய மெக்கானிக்குகளுக்கு இது தலைகீழ்ப் பாடம்.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் இடைவெளி 0.64 மி.மீ. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. டைமிங், தொடக்ககால 18ஜி என்ஜினுக்கு என்ஜின் ஓடாத நிலையில், பிஸ்டன் உச்சிக்கு வர 10 டிகிரி முன்னால்; பிந்திய என்ஜின்களுக்கு மாறும், உங்கள் என்ஜின் எண்ணை வைத்து மேனுவலில் பாருங்கள். 1967 வரை வந்த கார்கள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். அப்படி இருந்தாலும் ஸ்ட்ரோப் லைட்டின் சிவப்பு கிளிப் பாசிட்டிவ் முனைக்குத்தான். பழக்க தோஷத்தில் மாற்றிக் கொடுத்தால் லைட் போய்விடும்.

காற்றுக் கசிவு

பல பத்தாண்டு ஓடிய கார்புரேட்டரில் திராட்டில் ஸ்பிண்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டின் தண்டு) தேய்ந்து, ஓரத்தில் காற்றை உள்ளே இழுக்கும். ஆக்சிலரேட்டரை விட்டபின் ஆர்பிஎம் இறங்காமல் நிற்பது, ஒருமுறை 600, மறுமுறை 1,000 என்று அலைவது எல்லாம் இதனால்தான். என்ஜின் சூடேறும் முன்பே ஓடவிட்டு, ஸ்பிண்டில் முனையில் ஒரு சொட்டு கிளீனர் விடுங்கள். ஓட்டம் மாறினால் கசிவு உறுதி. சூடான எக்ஸாஸ்ட் நேர் கீழேயே இருக்கிறது, ஸ்ப்ரேயைப் பீச்சி அடிக்காதீர்கள். 1964 முதல் 1968 வரையிலான கார்களில் மேனிஃபோல்டில் (கலவையை என்ஜினுக்குக் கொண்டுபோகும் குழாய்) வட்டமாக ஒரு பிரீதர் வால்வு இருக்கும். உள்ளே ரப்பர் டயாஃப்ரம் கிழிந்தாலும் இதே அறிகுறிதான். கசிவை அடைக்காமல் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும்.

பிஸ்டன் 'டக்' என்று விழ வேண்டும்

ஏர் ஃபில்டர்களைக் கழற்றுங்கள். கார்புரேட்டரின் மேல் மூடியோடு வரும் டேம்பரைத் திருகி எடுத்துவிட்டு, காற்று வாய்க்குள் விரல் விட்டு, கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை முழுதாகத் தூக்கி விடுங்கள். கீழே விழும்போது உலோகம் உலோகத்தில் மோதும் தெளிவான 'டக்' கேட்க வேண்டும். மெத்தென்று நின்றால், பிஸ்டனின் அடியில் உள்ள நீடில் ஜெட்டில் உரசுகிறது, அல்லது டாஷ்பாட் (பிஸ்டனை மூடும் மேல்கூடு) உள்ளே அழுக்கு. டாஷ்பாட்டைக் கழற்றி கிளீனரால் துடையுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனும் டாஷ்பாட்டும் ஜோடி சேர்த்துச் செய்தவை, முன்னதைப் பின்னதோடு மாற்றி மாட்டாதீர்கள். நீடிலின் தோள் பிஸ்டன் அடிமுகத்தோடு சமமாக இருக்கிறதா, இரண்டிலும் ஒரே குறியீட்டு நீடில்தானா என்றும் பார்த்துவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது பிஸ்டனின் நடுக்குழாயில் ஆயில் விட வேண்டும். டேம்பரை இறக்கும்போது, மூடி உட்கார இன்னும் 6 மி.மீ. இருக்கையில் கை எதிர்ப்பை உணர்ந்தால் அளவு சரி. ஆயில் வற்றினால் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் கார் ஒரு நொடி திக்கும்.

தொடக்க நிலை

இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் திராட்டில் கிளாம்புகளையும் சோக் கிளாம்புகளையும் தளர்த்துங்கள். ஐட்லிங் ஸ்க்ரூவை முழுதாகத் தளர்த்தி, மீண்டும் தொடும் வரை திருகி, அதன்பின் ஒன்றரைச் சுற்று.

ஜெட்டின் கீழே உள்ள அறுகோண நட்டை மேலே திருகி, ஜெட் பிரிட்ஜோடு (காற்று வழியில் ஜெட் திறக்கும் மேடு) சமமாக வரச் செய்யுங்கள். அங்கிருந்து நட்டின் 12 பக்கம், அதாவது இரண்டு சுற்று, கீழே இறக்குங்கள். கீழே போனால் பெட்ரோல் கூடும், மேலே வந்தால் குறையும். ஒவ்வொரு முறையும் ஜெட்டை விரலால் மேலே தள்ளி, நட்டில் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். சோக் ஜெட்டைக் கீழே இழுத்துத்தான் வேலை செய்கிறது. திரும்பி வராமல் சிக்கிக்கொண்டால் கார் எப்போதும் கரும்புகைதான்.

காற்று, பிறகு கலவை

என்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். டியூபின் ஒரு முனை காதில், மறுமுனை முன் கார்புரேட்டர் வாயில். 'ஸ்ஸ்' ஓசையைக் கேட்டுவிட்டுப் பின் கார்புரேட்டரில் அதே இடத்தில் வையுங்கள். ஓசை பெரிதாக உள்ள பக்கத்தின் ஐட்லிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, மற்றதைச் சற்று இறுக்கி, 700–800 ஆர்பிஎம்மில் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும் வரை செய்யுங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை 2,500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் ஓடவிடுங்கள். இல்லையேல் மேனிஃபோல்டில் பெட்ரோல் தேங்கி உங்களை ஏமாற்றும்.

இப்போது கலவை. ஒவ்வொரு கார்புரேட்டரின் அடியிலும் பிஸ்டனைத் தூக்கும் சிறு ஊசி இருக்கும். முதலில் சும்மா நகரும். பிஸ்டனைத் தொட்டபின் 0.8 மி.மீ. மட்டும் தூக்குங்கள். ஆர்பிஎம் ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றால் பெட்ரோல் அதிகம்: நட்டை மேலே. உடனே இறங்கி என்ஜின் அணையப் பார்த்தால் குறைவு: நட்டைக் கீழே. துளி ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒரு தடவைக்கு நட்டின் ஒரு பக்கம் அளவு மட்டும் திருப்புங்கள். ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும் என்பதால், முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று சுற்று பார்க்க வேண்டியிருக்கும். ஐட்லிங்கும் ஏறியிருக்கும், அதையும் டியூபை வைத்து மறுபடி சமன் செய்யுங்கள்.

கிளாம்பு

புதியவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். இணைப்புத் தண்டின் ஊசி, திராட்டில் நெம்பில் உள்ள கவையின் கீழ்க்கையைத் தொட்டபடி இறுக்கினால், திராட்டில் தன் ஸ்க்ரூவில் உட்காராது. செய்த சமன் எல்லாம் வீண். இரண்டு பக்கமும் 0.3 மி.மீ. ஃபீலரைச் செருகி, ஒரே இடைவெளி விட்டு இறுக்குங்கள். பிறகு 1,500 ஆர்பிஎம்மில் டியூபை வைத்துப் பாருங்கள். அங்கே ஓசை மாறினால் ஒரு திராட்டில் முந்திக்கொண்டு திறக்கிறது. சோக் கம்பியை, ஜெட் இறங்கத் தொடங்கும் வரை மட்டும் இழுத்து, ஃபாஸ்ட் ஐடில் ஸ்க்ரூக்களை 1,000–1,100-க்கு வையுங்கள்.

ஃபில்டரை மாட்டி 15 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து பிளக்குகளைக் கழற்றுங்கள். வெளிர் பழுப்பு என்றால் சரி. 1, 2 மட்டும் கரி பிடித்திருந்தால் முன் கார்புரேட்டர், 3, 4 என்றால் பின்னது. அந்தக் கார்புரேட்டரின் ஜெட் நட்டை ஒரு பக்கம் அளவு மேலே திருகுங்கள்.