முழுச்சுமையில் பிராசசரின் வெப்பத்தையும் வோல்டேஜையும் அடக்குவது எப்படி

முழுச்சுமையில் டெஸ்க்டாப் பிராசசர் 95 டிகிரியைத் தொட்டதும் பலர் பெரிய கூலர் வாங்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். அதற்கு முன் அந்த எண் உங்கள் பிராசசருக்கு என்ன பொருள் தருகிறது என்று பாருங்கள். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை 95 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து இயங்கும்படியே வடிவமைக்கப்பட்டது. இன்டெலின் 14ஆம் தலைமுறை ஐ9-14900கே-வின் உச்சவரம்பு 100 டிகிரி. வரம்பை எட்டியதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், அந்த வேக இழப்பு எவ்வளவு என்பதே முதலில் அறிய வேண்டியது.

அதற்குப் பிராசசரை முழுச்சுமையில் இயக்கி மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஓடவிட்டு, வெப்பம், மொத்த வாட், கோர்களின் (பிராசசருக்குள் உள்ள தனித்தனிச் செயலகங்களின்) வேகம், சுமையின்போதுள்ள கோர் வோல்டேஜ், இறுதி மதிப்பெண் ஆகிய ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல கூலர் இருந்தும் குறைந்த வாட்டிலேயே உச்சவரம்பு எட்டப்பட்டால், கூலர் சரியாக அமரவில்லை, அல்லது பிராசசருக்கும் கூலருக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. கூலர் அடிப்பகுதியின் பிளாஸ்டிக் உறை உரிக்கப்படாமலே மாட்டப்பட்டிருப்பதும் உண்டு. இந்தக் குறையை எந்த பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்பும் தீர்க்காது.

அடுத்தது மின்வரம்பு. பல மதர்போர்டுகள் தயாரிப்பாளர் வகுத்த வரம்பைத் தளர்த்தியே வருகின்றன. ஐ9-14900கே-வுக்கு இன்டெல் குறித்த உச்ச அளவு 253 வாட். பயாஸில் அந்த அளவை நீங்களே இடுங்கள். ரைசனில் மின்வரம்பைக் குறைக்கும் ஈகோ மோடைத் தேர்ந்தெடுத்தால், 230 வாட் வரை இழுக்கும் 7950எக்ஸை 142 வாட்டில் நிறுத்தலாம். வாட் குறையும் அளவுக்கு வேகம் குறையாது என்பதால், எனக்கு இதுவே மிகச் சிறந்த முதல் நடவடிக்கையாகப் படுகிறது.

வோல்டேஜைக் குறைப்பதற்கே அதிகப் பொறுமை வேண்டும், பலனும் அதற்கேற்ப உண்டு. பிராசசர் வேலை செய்கையில் ஆகும் மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், அதே வேகத்தில் 1.30 வோல்ட்டை 1.20 ஆக்கினால் அச்செலவு ஏறத்தாழ 15 சதவீதம் குறையும். ரைசனில் வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரை எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10 என்று வைத்துத் தொடங்குங்கள். இன்டெலில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ஆஃப்செட்டை 0.025 வோல்ட் வீதம் சிறிது சிறிதாக இறக்குங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மதிப்பெண்ணை ஒப்பிடுவது கட்டாயம்; ஏனெனில் வோல்டேஜ் போதாதபோது, திரையில் அதே வேகம் தெரிந்தாலும் உண்மையான வேலை குறைந்திருக்கக்கூடும்.

முழுச்சுமைச் சோதனையில் தேறியதை வைத்து நிம்மதி கொள்ள வேண்டாம். ஓரிரு கோர்கள் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவும் இலகுவான பயன்பாட்டில்தான் பல அமைப்புகள் சரிகின்றன. எனவே கோர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, சில நாள்கள் வழக்கமான வேலையையும் செய்து பாருங்கள். விண்டோஸின் பிழைப்பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் வன்பொருள் பிழை ஒன்று பதிவானாலும் ஒரு படி பின்வாங்கிவிடுங்கள். சுமையின்போது வோல்டேஜ் சரிவதை ஈடுகட்டும் லோட்லைன் அமைப்பை மிகத் தீவிர நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள். அப்படிச் செய்தால் சுமை விலகும் கணத்தில் வோல்டேஜ் துள்ளும்.

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் வைத்திருப்பவர்கள் இவற்றுக்கெல்லாம் முன்பே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். மிகை வோல்டேஜால் அவை பழுதான சிக்கலுக்காக, பிராசசர் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுக்கும் மைக்ரோகோடை (பிராசசரின் உள் கட்டளைத் திருத்தத்தை) இன்டெல் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. ஏற்கெனவே பழுதான பிராசசரை அது மீட்காது. புதுப்பிப்பு உங்கள் அமைப்புகளை அழித்துவிடக்கூடும் என்பதால், பயாஸ் பக்கங்களை முன்கூட்டியே படமெடுத்து வைத்து, பிறகு ஒவ்வொன்றாக இட்டு மீண்டும் சோதியுங்கள்.