போர்வெல் தண்ணீரும் சோலார் வாட்டர் ஹீட்டரும்

சோலார் வாட்டர் ஹீட்டர் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதை வெயிலைவிட அதில் ஓடும் தண்ணீரே தீர்மானிக்கிறது. கோவையில் சிறுவாணித் தண்ணீர் மட்டும் ஏறும் ஹீட்டரில் உப்பு அவ்வளவாகப் படிவதில்லை. அதே ஊரில் போர்வெல் தண்ணீர் ஏற்றும் வீடுகளில் கண்ணாடிக் குழாயின் அடியில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் படிவு சேர்ந்து, வெந்நீர் நாளுக்கு நாள் குறைகிறது.

ஆகவே, உப்புத் தண்ணீர் உள்ள வீடுகளில் ஆண்டுக்கு ஒரு முறையாவது குழாய்களைக் கழற்றிக் கழுவ வேண்டும். முந்தைய நாளே குழாய்களைச் சாக்கால் மூடி, தண்ணீர் வரும் வால்வை அடைத்து, ஆறிய தண்ணீரை விடியற்காலையில் வடித்துவிட்டு, குழாயை மெல்லத் திருகித் தொட்டிக்குள் சற்று மேலே தள்ளினால் அடிப்பக்கம் தாங்கியிலிருந்து விடுபடும். பிறகு கீழ்நோக்கி இழுத்து எடுக்கலாம். மென்மையான பாட்டில் பிரஷே போதும்; இரும்புக் கம்பியை உள்ளே விடவே கூடாது. திரும்பப் பொருத்தும்போது ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவிக்கொள்ளுங்கள். வெடித்த வளையத்தை அப்போதே மாற்றிவிடுங்கள். குழாயின் அடிமுனையில் கண்ணாடி போல் மின்னும் வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால், சூடு வெளியேறாமல் காக்க குழாயின் இரட்டைச் சுவருக்கு நடுவே வைத்த வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். அந்த ஒரு குழாயை மட்டும் மாற்றினால் போதும். வெயிலில் காய்ந்த வெற்றுக் குழாயில் குளிர்ந்த தண்ணீரை விட்டால் கண்ணாடி வெடித்துவிடும் என்பதால், வெயில் ஏறுமுன்பே தொட்டியை நிரப்பிவிட வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியம் கம்பியை. தொட்டியின் உலோகம் அரிக்கப்படாமல், தான் முதலில் கரைவதே அதன் வேலை. எங்கள் வீட்டில் நான்காம் ஆண்டில்தான் அதைக் கழற்றிப் பார்த்தோம். விரல் தடிமன் இருந்த கம்பியில் நடுவிலிருந்த மெல்லிய எஃகுக் கம்பி மட்டுமே எஞ்சியிருந்தது, தொட்டியின் வெல்டிங் ஓரத்தில் கசிவும் தொடங்கியிருந்தது. தொட்டியின் விலையோடு ஒப்பிட்டால் இந்தக் கம்பியின் விலை மிகச் சிறியது. பாதி கரைந்ததுமே மாற்றிவிடுங்கள்.

தொட்டியின் மேல் நிற்கும் காற்றுக் குழாயை எக்காரணம் கொண்டும் மூடி போட்டு அடைக்காதீர்கள். அடைத்தால் சூடேறும்போது தொட்டி வீங்கும், தண்ணீரை வடிக்கும்போது உள்நோக்கி நசுங்கும்.

செப்புக் குழாய்களும் தட்டையான கண்ணாடிப் பெட்டியும் கொண்ட பழைய வகை ஹீட்டராக இருந்தால், உள்ளே படிந்த உப்பை அமிலம் கொண்டுதான் கரைக்க முடியும். அதை அனுபவமுள்ள பணியாளரிடமே விட்டுவிடுங்கள்.